சும்மா இருக்க வேண்டியவர்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆய்வு முடியும்வரை நாட்குறிப்பு எழுத வேண்டும் என்று ஹெலன் சொல்லியிருக்கிறாள். "கவனிச்சதை மட்டும் எழுதுங்க அண்ணா. அபிப்பிராயம் வேண்டாம்."

அபிப்பிராயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். எம்.பி.எட். படித்தபோது ஹெலன் எனக்கு இரண்டு வருடம் இளையவள். இன்று பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித் துறைப் பேராசிரியை. நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். நாற்பத்தெட்டு வயதில் அவளிடம் பகுதிநேர ஆய்வு மாணவன். பதினெட்டு வருடத்துக்கு முன்பு அந்தத் துறையில் ஒரு இடம் காலியானது. கல்லூரி அலுவலகம் வழியாக விண்ணப்பித்தேன். அப்போது எழுத்தராக இருந்த இசக்கியப்பன் அதை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு லீவில் போனார். திரும்பி வந்தபோது கடைசித் தேதி போய்விட்டது. கேட்டால் இன்றைக்கும் மஞ்சள் காமாலை என்பார். அந்த இடத்தில்தான் ஹெலன் உட்கார்ந்திருக்கிறாள். இசக்கியப்பன் இப்போது எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர்.

என் பதிவு டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிகிறது. இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. மூன்றாவது கிடையாது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ஏழு வருடமும் வீண்.

அபிப்பிராயம் முடிந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

எங்கள் கல்லூரி அலுவலகம், நூலகம், ஆய்வுக்கூடம் எல்லாவற்றிலும் சேர்த்து முப்பது ஆண்கள். எல்லாருக்கும் நாற்பதுக்கு மேல். இவர்கள் ஒரு நாளில் தூக்கும் அதிகபட்ச எடை டீ கிளாஸ். கல்லூரி மருத்துவர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் சேர்த்தேன். பாதிப் பேர் என்னோடு பன்னிரண்டு வாரம் வேகநடை நடப்பார்கள். மீதிப் பேர் எப்போதும் போல இருப்பார்கள். தொடக்கத்தில் ஒரு சோதனை, முடிவில் அதே சோதனை. நடந்தவர்களின் இதயம் தேறி, நடக்காதவர்களுடையது அப்படியே கிடந்தால் என் ஆய்வு நிற்கும். இவ்வளவுதான் விஷயம். இதை நூற்றெண்பது பக்கத்தில் சொல்ல வேண்டும்.

இன்று தொடக்கச் சோதனை. ஒரு மரப்பலகைமேல் தாளக்கருவியின் டிக் டிக்கிற்கு ஏற்ப ஏறி ஏறி இறங்க வேண்டும். பிறகு உட்கார வைத்து நாடித்துடிப்பு எவ்வளவு சீக்கிரம் தணிகிறது என்று பார்ப்போம். சீக்கிரம் தணிந்தால் நல்ல இதயம்.

இசக்கியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "என்ன சார்வாள், விசில் ஊதுறதுக்கு இப்ப டாக்டர் பட்டம் குடுக்காவளா?" என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. பாதியிலேயே நின்றுவிட்டார். பலகையில் உட்கார்ந்து வாயால் மூச்சு விட்டார். துடிப்பு தணியவே இல்லை.

நான் சொன்னேன்: "சார், உங்க இதயமும் உங்க மேசையில இருக்கிற ஃபைல் மாதிரிதான். ஒரே எடத்துல கெடந்து பழகிட்டு. எடுத்துத் தூசி தட்டணும்."

அறை அதிர்ந்தது. நூலகர் மைதீன் பிச்சை சிரித்த சிரிப்பில் கண்ணாடி கீழே விழுந்தது. இசக்கியப்பனும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

வீட்டில் கோமதியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "ரொம்ப மூச்சு வாங்கிச்சா அவருக்கு?" என்று மட்டும் கேட்டாள். இவளுக்கு நகைச்சுவை எப்போதுமே எட்டாது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

யார் எந்தக் குழு என்று சீட்டுப் போட்டோம். மைதீனுடைய டிபன் பாக்ஸைக் கழுவி அதில் முப்பது சீட்டைக் குலுக்கினேன். அவரவரே எடுத்தார்கள். இசக்கியப்பனுக்கு விழுந்தது ஒப்பீட்டுக் குழு.

"அப்படின்னா?"

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம் சார். இதுவரைக்கும் எப்படி இருந்தீங்களோ அப்படியே சும்மா இருக்கணும். பன்னிரண்டு வாரம்."

"சும்மா."

"சும்மா."

"செத்தாலும் பரவாயில்ல, அசையக் கூடாது. அப்படித்தானவே?"

அறிவியல் அப்படித்தான் என்றேன். மனநிறைவோடு சொன்னேன் என்பதையும் கவனித்ததாகவே குறிக்கிறேன். மதியத்துக்குள் கல்லூரி முழுக்கப் பெயர் பரவிவிட்டது: நடைக் குழு, சும்மாக் குழு.

ஆகஸ்ட் 11, திங்கள்

முதல் நடை. பதினைந்து பேரில் பதினான்கு பேர் வந்தார்கள். நான்கு பேருக்குச் செருப்பு அறுந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

வேகநடை என்றால் பேசலாம், பாட முடியாது. அதுதான் சரியான வேகம். மைதீன் பாடிக்கொண்டே வருகிறார். வேகமாகப் போங்கள் என்றால், "இதுக்கு மேல போனா ஒரேயடியா மேல போயிருவேன் சார், அப்புறம் உங்க கணக்குல ஒண்ணு குறையும்" என்கிறார். மற்றவர்கள் சிரித்துச் சிரித்து வேகம் குறைகிறது. விசில் ஊதி விரட்டுகிறேன்.

மைதானத்தைச் சுற்றி மருதமர வரிசை இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக அங்கே வேலை பார்க்கிறேன். காலை ஆறு மணிக்கு அந்த மரங்களில் இத்தனை கிளிகள் இருக்கும் என்று தெரியாது. நடை முடிந்ததும் வாசல் கடையில் சுக்குக்காப்பி. கேண்டீனில் கரண்டு பில்லைப் பற்றிச் சண்டை போடும் மனிதர்கள் அங்கே கொழுந்தியாள் கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். வீட்டுக்குப் போக அரைமணி தாமதமாகிறது. ஆய்வுக்கு இது தேவையில்லாத தகவல்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஹெலன் பார்வையிட வந்தாள். நடைக் குழுவின் பின்னாலேயே இரண்டு சுற்று நடந்தாள். எல்லாம் சரியாக இருந்தும் திருப்தியில்லை.

"சும்மா இருக்கிறவங்களைக் கவனிக்கிறீங்களா அண்ணா?"

"சும்மா இருக்கிறவன்கிட்ட கவனிக்க என்ன இருக்கு?"

"இல்ல, மனுசங்க சும்மா இருக்க மாட்டாங்க. அதான் கேட்டேன்."

பேராசிரியை ஆகிவிட்டால் எதிலும் ஒரு குறை கண்டுபிடிக்க வேண்டும். சனிக்கிழமைகளில் துறையின் கருவிகளை எனக்கென்று ஒதுக்கிக் கொடுத்திருக்கிறாள். மற்ற மாணவர்கள் மாதக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். பழைய குற்ற உணர்ச்சியாக இருக்கும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

கேண்டீனில் இசக்கியப்பன் உளுந்தவடையை வேண்டாம் என்று சொல்வதை என் கண்ணால் பார்த்தேன். இதே மனிதர் போன வருடம் முதல்வரின் பிரிவு உபசார விழாவில் தன் வடையைத் தின்றுவிட்டு முதல்வரின் வடையையும் தின்றவர்.

"என்ன சார், சுகரா?"

"சுகர் எனக்கு ஒம்பது வருசமா இருக்கு. இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சாக்கும்."

செப்டம்பர் 18, வியாழன்

இசக்கியப்பன் ஒரு சுற்றறிக்கையோடு என் அறைக்கு வந்தார். வழக்கமாக உதவியாளரை அனுப்புவார். என் அறை இரண்டாம் மாடி. எங்கள் கல்லூரியில் லிஃப்ட் இல்லை. மூச்சு வாங்கவில்லை. மேல்படியில் நின்று ஓய்வெடுத்துவிட்டு உள்ளே வந்திருப்பார்.

அக்டோபர் 10, வெள்ளி

அவர் முகம் ஒட்டிப்போயிருக்கிறது. பேன்ட் இடுப்பில் சுருங்கித் தொங்குகிறது. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டிருக்கிறார். காலையில் அலுவலகத்துக்கு வரும்போது தலை ஈரமாக இருக்கிறது. வியர்வையா குளியலா தெரியவில்லை. ஐம்பத்தைந்து வயதில் காரணமில்லாமல் எடை குறைவது நல்லதல்ல என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது.

கோமதியிடம் சொன்னேன். "போய்க் கேளுங்களேன்" என்றாள்.

கேட்டேன். "சார், ஒருதடவை டாக்டரைப் பாத்துட்டு வந்துருங்க. நான் வேணும்னா கூட வாரேன்."

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "நீரா? என் கூடவா?" என்றார். பிறகு, "பாத்தாச்சு. நல்லாத்தான் இருக்கேன்" என்று ஃபைலைப் புரட்டினார்.

ஒப்பீட்டுக் குழுவில் ஓர் ஆள் குறைந்தால் கணக்கு கெடும். அதற்காகத்தான் கேட்டேன். மூன்று நாளாகத் தூக்கம் சரியில்லை. காப்பி காரணமாக இருக்கலாம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கோமதி கோயிலில் இசக்கியப்பனின் மனைவியைப் பார்த்திருக்கிறாள். வரும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள். என்ன என்றால் ஒன்றுமில்லை என்கிறாள். அவர் உடம்புக்கு என்னவாம் என்றேன். "ஒரு கொறையும் இல்லையாம்" என்றாள். மறுபடியும் சிரித்தாள்.

அவர்கள் வீட்டிலிருந்து தீபாவளிப் பலகாரமாக மனோலம் வந்தது. பதினெட்டு தீபாவளியாக வருகிறது. நான் தொடுவதில்லை. இந்த வருடம் வெல்லப்பாகு சரியான பதம்.

அக்டோபர் 22, புதன்

நல்ல மழை. நடையை ரத்து செய்தேன். இந்த வாரம் இது இரண்டாவது நாள். போன வாரமும் ஒரு நாள் போனது. வண்டி கிளம்பாததால் காலையிலேயே பஸ்ஸில் போக வேண்டியிருந்தது. ஆற்றுப்பாலத்தில் வரும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன்: கரைச்சாலையில் ஏழெட்டுப் பேர் குடைபிடித்துக்கொண்டு வரிசையாக, மிக வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் போனவர் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். ஏதோ சாவு வீட்டுக்குப் போல.

நவம்பர் 3, திங்கள்

பன்னிரண்டு வாரம் முடிந்தது. நடைக் குழுவுக்கு இறுதிச் சோதனை. எல்லாருக்கும் முன்னேற்றம். மைதீன் பலகையில் ஏறி இறங்கிக்கொண்டே பாடிக்காட்டினார். இரவுச் சாப்பாட்டுக்குக் கோமதியிடம் பாயசம் வைக்கச் சொன்னேன். நாளை சும்மாக் குழு. அது வெறும் சம்பிரதாயம்.

நவம்பர் 4, செவ்வாய்

தாளக்கருவி பழுது என்றுதான் முதலில் நினைத்தேன்.

இசக்கியப்பன் ஏறினார், இறங்கினார், ஏறினார். நிற்கவே இல்லை. நேரம் முடிந்து நான் விசில் ஊதிய பிறகும் இரண்டு முறை ஏறி இறங்கினார். நாடியைப் பிடித்தேன். குதித்தது, பிறகு கைக்குள்ளேயே தணிந்தது, சொன்ன பேச்சைக் கேட்பது போல. கடிகாரத்தை மாற்றி இன்னொரு முறை எண்ணினேன். அதே எண்.

அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவரும். சாயங்காலம் கூட்டிப் பார்த்தேன். இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை.

இசக்கியப்பனை உடற்பயிற்சிக்கூடத்துக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"நடந்தீங்களா?"

"நடந்தேன்."

"யாரு நடக்கச் சொன்னது?"

"நீருதான் சொன்னீரு. தூசி தட்டணும்னு."

அவர் பலகைமேல் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன். வீட்டுக்குப் போயி சிரிக்க முடியலவே. மூச்சு வாங்குனது எனக்குல்லா தெரியும். சரி, நடைக் குழுவுல விழுந்தா ஒழுங்கா நடப்போம்னு நெனச்சேன். சும்மாக் குழுவுல போட்டுட்டீரு."

"சீட்டை எடுத்தது நீங்க!"

"சீட்டை மடிச்சது நீருல்லா. பழைய கோவத்துல என்னைச் சாகவிடப் பாக்கீருன்னு நெனச்சேன். சாவனா நான்னு மறுநாளே செருப்பு மாட்டிட்டுக் கெளம்பிட்டேன்."

"மத்தவங்க?"

"அவுகளுக்கும் ரோசம் இருக்காதா? நீங்கள்லாம் சுக்குக்காப்பி குடிச்சுட்டுச் சிரிச்சுக்கிட்டு வருவீய. நாங்க சும்மாக் குழு. அட்டெண்டர்கூட, 'என்ன சார், சும்மாவா இருக்கிய'ன்னு கேக்கான். ஒவ்வொருத்தரா எட்டுப் பேரு சேந்துட்டோம். உமக்குத் தெரியக் கூடாதுன்னு ஆத்துப் பக்கம் போனோம்."

"மழையில?"

"மழையில கொடை இருக்குல்லா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்."

"சொன்னா நிறுத்தச் சொல்லிருப்பீரு."

உண்மை. சொல்லியிருப்பேன்.

நவம்பர் 5, புதன்

கல்லூரிக்குப் போகவில்லை. பாயசம் மிச்சமிருந்தது. சாப்பிடவில்லை. முதல் தடவை இழுப்பறைக்குள் போட்டு என்னைத் தடுத்தார். இரண்டாம் தடவை நடந்தே தடுத்துவிட்டார். கோமதிக்குத் தீபாவளியன்றே தெரியும். "சொன்னா அவரை நிறுத்திருப்பீங்க" என்கிறாள். எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்.

நவம்பர் 7, வெள்ளி

ஒரு வழி இருக்கிறது. ஒப்பீட்டுக் குழுவில் நடந்த எட்டுப் பேரை எடுத்துவிட்டு, பாதியில் விலகினார்கள் என்று ஒரு வரி போட்டால் போதும். எல்லா ஆய்விலும் சிலர் விலகுவார்கள். யாரும் கேட்க மாட்டார்கள். மீதி ஏழு பேரை வைத்துக் கணக்குப் போட்டேன். வித்தியாசம் சுவரில் ஆணி அடித்தது மாதிரி நிற்கிறது. என் முடிவுரை ஏற்கெனவே எழுதியபடி அப்படியே பொருந்துகிறது.

அட்டவணையைப் புதிதாகத் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டேன். அதில் இசக்கியப்பன் இல்லை. பதினெட்டு வருடத்தில் இப்படி ஒரு வாய்ப்பு எனக்கு அமைந்ததில்லை.

சாயங்காலம் அவரே என் அறைக்கு வந்தார். கதவருகிலேயே நின்றார்.

"மைதீன் சொன்னாரு. எங்களால உமக்குப் பட்டம் போயிருமாமே. டிசம்பரோட கடைசியாமே."

புது அட்டவணையைக் கவிழ்த்து வைத்தேன்.

"வேணும்னா நான் இன்னொரு தடவை ஏறுதேன். பாதியில நின்னுருதேன். முந்தி மாதிரி வாயால மூச்சு விட்டுக்கிடுதேன்."

"வாய் நடிக்கும் சார். நாடி நடிக்காது."

"அப்பம் ஒரு மாசம் சும்மா இருக்கட்டுமா? பழையபடி ஆயிருமா?"

கிண்டல் என்று நினைத்து நிமிர்ந்தேன். கிண்டல் இல்லை. முகத்தில் பயம் இருந்தது. சும்மா இருப்பதைப் பற்றிய பயம். அதை வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்.

"அதெல்லாம் வேண்டாம்" என்றேன்.

போகும்போது திரும்பினார். "டாக்டர் மாத்திரையைப் பாதியாக் கொறச்சுட்டாரு. எத்தனை வருசத்துக்கப்புறம். என் கணக்கு உம்ம புஸ்தகத்துல வரும்லா? மருமகன்ட்ட காட்டணும். அவன் என்னைக் கெழவன்னுதான் நெனச்சுக்கிட்டிருக்கான்."

பார்க்கலாம் என்றேன்.

நவம்பர் 10, திங்கள்

ஹெலனைப் பார்க்கப் போனேன். பையில் இரண்டு அட்டவணையும் இருந்தன, முப்பது பேருடையது ஒன்று, இருபத்திரண்டு பேருடையது ஒன்று. நடந்ததை எல்லாம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். ஆகஸ்டிலேயே சொன்னேனே என்பாள் என்றும் எதிர்பார்த்தேன். அதற்கு ஒரு பதிலும் தயாராக இருந்தது. அவள் சொல்லவில்லை.

"எதைக் கொண்டு வந்திருக்கீங்க அண்ணா?"

"ஏன்?"

"நீங்க மேசைமேல வைக்கிறதுலதான் நான் கையெழுத்துப் போடணும்."

பைக்குள் கையை விட்டேன். முப்பது பேருடையது வந்தது. இதற்குக் காரணம் உண்டு. இருபத்திரண்டு பேரை வைத்தால் மூன்றாம் அத்தியாயம் முழுக்க எண்களைத் திருத்த வேண்டும். வரைபடங்களையும் புதிதாகப் போட வேண்டும். முப்பது முழு எண். பார்க்க ஒழுங்காக இருக்கும்.

ஹெலன் வெகுநேரம் படித்தாள். "வித்தியாசம் இல்லைன்னு எழுதுங்க. அது ஒண்ணும் தோல்வி இல்ல. ஏன் இல்லைங்கறதுக்கு ஒரு தனி அத்தியாயம் எழுதுங்க. எட்டுப் பேரையும் உட்கார வெச்சுக் கேளுங்க, எப்பத் தொடங்கினாங்க, எதுக்குத் தொடங்கினாங்க, மழையில ஏன் நிறுத்தலைன்னு. நீங்க கூட்டிட்டுப் போனவங்க மழையில நிறுத்திட்டாங்கல்ல?"

"நான்தான் நிறுத்தினேன்."

"அதையும் எழுதுங்க."

பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தத் துறையில் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. வணக்கம் சொல்வது போல நாடி பார்ப்பார்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "ஆகஸ்ட்ல எவ்வளவு இருந்துச்சு?" என்றாள்.

"என்னுடையதைப் பாக்கலை."

"பாக்காம விட்டுட்டீங்களே. இப்ப ரொம்ப நல்லாருக்கு."

எண்ணைச் சொன்னாள். எழுதப்போவதில்லை. ஒப்பிட முதல் அளவு இல்லாத எண்ணுக்கு ஆய்வில் மதிப்பு கிடையாது. பஸ்ஸில் வரும்போது இரண்டு முறை நானும் எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

நவம்பர் 17, திங்கள்

எட்டுப் பேரிடமும் பேசி முடித்தேன். முதல் கேள்வி: ஏன் நடக்கத் தொடங்கினீர்கள்? நான்கு பேர் இசக்கியப்பன் கூப்பிட்டார் என்றார்கள். இரண்டு பேர் மனைவி என்றார்கள். ஒருவர் சுக்குக்காப்பி என்றார். இசக்கியப்பன், "கோவம்னு எழுதும்" என்றார். ஆய்வேட்டில் அப்படி எழுத முடியாது, 'அகத்தூண்டல்' என்று போடுவேன் என்றேன். "அது என்ன எழவோ. ஆனா கோவம்தான்" என்றார்.

கோபத்தால் நாடித்துடிப்பு ஏறும் என்றுதான் இத்தனை நாள் பாடம் நடத்தியிருக்கிறேன்.

நவம்பர் 28, வெள்ளி

பல்கலைக்கழகத்தில் என் ஆய்வை மதிப்பிடும் குழுவின் கூட்டம். வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "ஒப்பீட்டுக் குழு நடந்துட்டா ஒப்பிட என்ன இருக்கு? இது ஆய்வே இல்லை" என்றார். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் பழைய மாணவர்களின் புகைப்படங்கள். எங்கள் வருடத்துப் படத்தில் நான் விசிலோடு நிற்கிறேன். நல்ல முடி.

கதவு வழியாக ஹெலனின் குரல் கேட்டது. "என் மாணவர் எண்ணை மாத்தலை சார். மாத்தியிருந்தா இந்நேரம் நீங்க பாராட்டிட்டுச் சாப்பிடப் போயிருப்பீங்க."

வெளியே வந்தாள். புது அத்தியாயத்தை இன்னும் விரிவாக்க வேண்டும். தலைப்பில் ஒரு சொல் மாற வேண்டும். தேதிக்குள் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள்.

அவளுக்கு எப்போதுமே உரத்த குரல். மாணவர் காலத்தில் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டால் இந்தக் கோடியில் கேட்கும். நன்றி சொன்னேனா என்று கோமதி கேட்கிறாள். சொன்ன மாதிரி ஞாபகம். இன்றைக்கு முதல் முறையாக 'மேடம்' என்று கூப்பிட்டேன். அவள் சிரித்துவிட்டு, "வேண்டாம்ணா, பயமா இருக்கு" என்றாள்.

டிசம்பர் 12, வெள்ளி

எழுதுகிறேன். வேறு செய்தி இல்லை. நடைக் குழுவில் பாதிப் பேர் ஆய்வு முடிந்ததோடு நின்றுவிட்டார்கள். சும்மாக் குழு நிற்கவில்லை. இதையும் புது அத்தியாயத்தில் சேர்த்தேன். இதுவரை எழுதியதில் இந்த அத்தியாயம்தான் கொஞ்சம் படிக்கிற மாதிரி இருக்கிறது.

டிசம்பர் 29, திங்கள்

ஆய்வேட்டின் ஐந்து பிரதிகள் பைண்டிங்கிலிருந்து வந்தன. கல்லூரி அலுவலகத்தின் முத்திரை விழுந்துதான் பல்கலைக்கழகம் போக வேண்டும். இரண்டே நாள் இருக்கிறது. மீண்டும் அதே மேசை, அதே இழுப்பறை. பத்து மணிக்குத்தான் அலுவலகம் திறக்கும். ஒன்பதரைக்கே போய்விட்டேன். இசக்கியப்பன் எனக்கு முன்பே வந்து, முத்திரைக்கு மை ஊற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போன தடவை மாதிரி காமாலை வந்துரக் கூடாதுல்லா" என்றார்.

பதினெட்டு வருடத்தில் அவராக அந்தப் பேச்சை எடுத்தது இதுவே முதல் முறை.

"உண்மையிலேயே காமாலைதானா சார்?"

"என் கண்ணைப் பாத்திருக்கணும்வே, எலுமிச்சம்பழம் மாதிரி இருந்துச்சு. ஆஸ்பத்திரியில எல்லாரும் வந்து பாத்தாவ. நீருதான் வரல."

காமாலை அத்தனை நாள் நீடிக்குமா என்று பார்க்க வேண்டும். நீடிக்கும் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் பார்க்க வேண்டும்.

ஐந்து பிரதியிலும் முத்திரை குத்தினார். பிறகு ஒன்றைத் திறந்து, "எங்க இருக்கேன்?" என்றார். அட்டவணையை எடுத்துக் காட்டினேன். பதினேழாம் எண்.

"பேரு இல்லையே."

"பேர் போடக் கூடாது சார். அதுதான் விதி."

"பதினேழு நான்தான்னு உமக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"அது போதும்" என்றார். ஆனாலும் செல்போனில் அந்தப் பக்கத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டார். விரலால் பெரிதாக்கி ஆகஸ்ட் எண்ணையும் நவம்பர் எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். மருமகனுக்கு அனுப்பினார். எனக்கும் அனுப்பினார், என் புத்தகத்தில் இருப்பதை.

ஆட்டோ கிடைக்கவில்லை. பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தே போனோம். மூன்று பிரதியை அவர் தூக்கிக்கொண்டார், இரண்டை நான். அவர் முன்னால் போனார். பன்னிரண்டு வாரம் ஒரு கூட்டத்தை நடத்திக் கூட்டிப்போனவன் நான். அவரை எட்டிப் பிடிக்கக் கொஞ்சம் சிரமமாக இருந்தது. வெயில் காரணமாக இருக்கும்.

டிசம்பர் 31, புதன்

ஆய்வேடு பெற்றுக்கொள்ளப்பட்டது என்று ஹெலன் போன் செய்தாள். நாட்குறிப்பையும் ஒப்படைக்கச் சொன்னாள். ஒப்படைக்கப் போவதில்லை. தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம்.

சும்மாக் குழு நாளைக் காலை ஐந்தரைக்கு ஆற்றுப் பக்கம் வரச் சொல்லியிருக்கிறது. "விசில் கொண்டுவரக் கூடாது" என்று இசக்கியப்பன் நிபந்தனை போட்டிருக்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அலாரம் வைக்கட்டுமா என்று கோமதி என் போனை எடுத்தாள். ஏற்கெனவே வைத்திருக்கிறதாம்.